உட்டாராம்

மணி மூணு பத்து. நாலு மணிக்கு டிஎஸ்பி ஆபீஸ்ல வெள்ளையம்மா வாக்குமூலம் குடுக்கப் போறாங்க, அதுக்கு முன்னாடி நான் அவங்களுக்கு ஒரு போன் பண்ணணும். ஒரே ஒரு போன். நம்பர் திரையில தயாரா இருக்கு, விரலும் பக்கத்துலதான் இருக்கு, அழுத்தத்தான் மாட்டேங்குது. சனியன் பிடிச்ச விரல், வெட்டுறதுன்னா மட்டும் தானா ஓடும். ஏசியைக் குறைச்சேன், ஏத்தினேன், ஹெட்போனை மாட்டினேன், கழட்டினேன், ஆறிப்போன காபியை ஒரே மடக்குல குடிச்சு வெச்சேன். இந்த எடிட்டிங் ரூம் கதவை மூடிட்டா வெளியில கோடம்பாக்கம் இருக்கிறதே தெரியாது, காதுக்குள்ள என் ரத்தம் ஓடுற சத்தம்தான் கேக்கும், அதுக்குத்தானே சுவரு முழுக்கப் பஞ்சு வெச்சு அடைச்சிருக்கோம். பஞ்சு. பாரு, இந்த வார்த்தை இப்ப எதுக்கு வரணும். எட்டு நாளா எதை நினைச்சாலும் கடைசியில அந்தக் குடோன் வாசல்லதான் போய் நிக்குது. திண்டுக்கல் பக்கம் ஒரு நூல் மில்லு, இருபத்தோரு வருஷம் முன்னாடி, பட்டப்பகல்ல கழிவுப்பஞ்சு குடோன்ல தீப்பிடிச்சிருக்கு. உள்ள நாலு பொண்ணுங்க. தீ மெஷின் பக்கம் பரவக் கூடாதுன்னு யாரோ வெளியில இருந்து ஷட்டரை இழுத்து விட்டுட்டாங்க. நாலுல ஒருத்தி வெள்ளையம்மாவோட மக நாகஜோதி, பத்தொன்பது வயசு. இழுத்தது யாருன்னு கேஸை மூடுற வரைக்கும் தெரியல. அந்த ஆளை நாங்க கண்டுபிடிச்சிட்டோம்னு இப்ப ஊரே கொண்டாடுது. கண்டுபிடிச்சதாவது மண்ணாவது. நான் ஒரு வார்த்தையோட வாலை வெட்டினேன், நடந்தது அவ்வளவுதான்.

எங்க பாட்காஸ்ட் பேரு ‘மறுபடி கேளுங்க’. குரல் கிருபாகரன், ஒலி வினோதினி, வினோதினின்னா நான். கிருபா ஊர் ஊரா போய்ப் பதிவு பண்ணிட்டு வருவான், நான் இங்க உக்காந்து வெட்டி, துடைச்சு, கோத்து, கதையாக்கிக் குடுப்பேன். ஆறு மணி நேரப் பேச்சு நாப்பது நிமிஷமாகணும். இருமல் போகணும், “அது வந்து” போகணும், சொன்னதையே திருப்பிச் சொல்றது போகணும், ஆனா கேக்கறவங்களுக்கு அந்தம்மா பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கணும். வெட்டினது காதுல பட்டா நான் இந்த வேலைக்கு லாயக்கில்லைன்னு அர்த்தம். கிருபாகிட்ட நூறு தடவை சொல்லியிருக்கேன், வீட்டுக்குள்ள உக்கார வெச்சுப் பதிவு பண்ணுடா, ரோட்டோரம் வேணாம்டான்னு. துரை கேட்டாத்தானே. போட்டோவுக்கு வெளிச்சம் நல்லாருக்குன்னு வெள்ளையம்மாவை வாசல்ல வேப்பமரத்தடியில உக்கார வெச்சிருக்கான். காதை நம்பிப் பொழைக்கிறவன் வெளிச்சத்தைப் பாக்கறான், இவனை என்னத்தைச் சொல்ல. பதிவுல ஒரு மணி பதினாலாவது நிமிஷம். அந்தம்மா குரலைத் தாழ்த்திச் சொல்றாங்க: “சௌந்தரபாண்டி சூப்பர்வைசருதான் வெளிய நின்னு ஷட்டர இழுத்து உட்டாராம்.” மினி பஸ் ஒண்ணு வளைவுல திரும்பி, அந்தக் கடைசி வார்த்தை மேல பாட்டு ஹாரனை அடிச்சிட்டுப் போகுது. ‘உ’ வரைக்கும் சுத்தம். அதுக்கப்புறம் ஹாரன்தான். ‘ராம்’ அதுக்கடியில கெடக்கு, உத்துக் கேட்டா கேக்கும், ‘ம்’ கூட முழுசா வாயில வராம மூக்குல போய் முடியும். எனக்குக் கேட்டுச்சு. கேக்கலைன்னு சொல்ல மாட்டேன். எனக்குக் கேக்காத சத்தம்னு ஒண்ணு இருக்கா என்ன.

ஹாரனைத் துடைக்கப் பாத்தேன். அரை நாள் மல்லுக்கட்டினேன். ஹாரனும் அந்தம்மா குரலும் ஒரே சுதியில இருந்து தொலைச்சுது, ஒண்ணை எடுத்தா இன்னொண்ணும் கூடவே கரையுது, தண்ணிக்குள்ள பேசுற மாதிரி ஆயிடுது. கிருபாவை இன்னொரு தடவை அனுப்பிக் கேக்க வெச்சிருக்கலாம். ஆனா வியாழக்கிழமை வெளியிடணும், டிரெய்லர் போட்டாச்சு, இன்னொரு தடவை கேட்டா அந்தம்மா அதே மாதிரி சொல்வாங்களா, சொல்ல மாட்டாங்க, முதல் தடவை வர்ற குரல் மறுபடி வராது. அதனால தேடினேன். அவங்களோட ஆறு மணி நேரப் பேச்சுல இன்னொரு ‘ட்டாரு’ தேடினேன். ரெண்டாவது மணி நேரத்துல கெடைச்சுது. புருஷனைப் பத்திச் சொல்றாங்க, மக போன துக்கத்துலயே ஆறு மாசத்துல அவரும் போயிட்டதை: “ஒரு வார்த்த பேசல, செவுத்தப் பாத்துப் படுத்தவரு, அப்புடியே கண்ண மூடிட்டாரு.” அந்த ‘மூடிட்டாரு’ல இருந்து ‘ட்டாரு’வை எடுத்தேன். ‘ட்ட’ இருக்கே, அது எடிட்டருக்கு வரம். நாக்கு மேல ஒட்டிக்கிட்டு நிக்கிற அந்த இம்மி நேரம் சத்தமே இருக்காது, அங்க கத்தி வெச்சா கடவுளுக்கே கேக்காது. ஒட்டினேன். கீழ அவங்க வாசலோட அமைதியை ஒரு கரண்டி எடுத்துப் பூசினேன், அதுக்குன்னே தனியா முப்பது செகண்ட் யாரும் பேசாமப் பதிவு பண்ணி வெச்சிருப்போம். போட்டுக் கேட்டா, எம்மாடி, என்னமா உக்காந்திருந்துச்சு. “ஷட்டர இழுத்து உட்டாரு.” புருஷன் செத்த துக்கம் மொத்தமும் அந்த ‘ட்டாரு’வுல இறங்கி வருது. கேட்டவன் எவனும் அதுக்கப்புறம் சௌந்தரபாண்டியை மன்னிக்க மாட்டான். மன்னிக்கவும் இல்லை.

மணி மூணு பத்தொன்பது. கிருபா மூணு மணிக்குக் கூப்பிட்டான், அந்த ஆபீஸ் வாசல்லதான் நிக்கிறான், மைக்கோட. “வினோ, கேஸைத் திரும்ப எடுத்துட்டாங்கடி, நம்மளாலதான்! அம்மா உள்ள போகப் போறாங்க, அடுத்த எபிசோடு ஓப்பனிங் ரெடி பண்ணி வை.” அப்பத்தான் நான் முதல் தடவையா வாயைத் திறந்தேன். டேய், அவங்க உட்டாராம்னுதானே சொன்னாங்க, நீ எதிர்லதானே உக்காந்திருந்தேன்னு. சிரிச்சான். “அவங்க அப்படித்தான்டி பேசுவாங்க ஊர்ல. உட்டாராம்னாலும் உட்டாருன்னாலும் ஒண்ணுதான். நீ சும்மா கொழம்பாத.” ஒண்ணுதானாம். போடா ஒண்ணுதான். உட்டாருன்னா நான் பாத்தேன். உட்டாராம்னா நான் பாக்கல, சொன்னாங்க, சொன்னவங்க பாத்தாங்களான்னும் எனக்குத் தெரியாது. இந்த ‘ஆம்’ இல்லாம நம்ம ஊர்ல ஒரு தெரு நடக்குமா, ஒரு கல்யாணம் நடக்குமா. அவளுக்கு வரன் வந்துச்சாம், அவனுக்கு வேலை போச்சாம். சொல்றவங்க கையைக் கழுவிக்கத்தானே அது. வெள்ளையம்மாவும் கையைக் கழுவிட்டுத்தான் சொன்னாங்க. பெத்த மக வெந்து செத்த கதையில கூட, தான் பாக்காததைப் பாத்தேன்னு சொல்லக் கூடாதுங்கிற நியாயம் அவங்ககிட்ட இருந்துச்சு. அதைத்தான் நான் வெட்டிப் போட்டேன்.

அந்த ஆள் சௌந்தரபாண்டி. வயசு அறுபத்தேழு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருந்தாரு. வெச்சிருந்தாரு, ஆமா, இப்ப இல்லை. எபிசோடு வந்த மூணாம் நாள் அடிச்சு நொறுக்கிட்டாங்க, அந்த வீடியோவும் வந்துச்சு, கண்ணாடி உடையற சத்தம் அவ்வளவு நல்லாப் பதிவாயிருக்கேன்னு என் புத்தி முதல்ல அதைத்தான் நினைச்சுது, த்தூ. எங்க வாட்ஸப் நம்பருக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாரு. இருபத்தாறு செகண்ட். “வணக்கம்மா, நான் சௌந்தரபாண்டி பேசுறேன். அன்னைக்கு நான் மில்லுலயே இல்லம்மா. எங்கம்மாவை மதுரைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். சீட்டு எங்க போச்சுன்னு தெரியல, வருசம் ஆயிப்போச்சுல்ல. பேத்தி பள்ளிக்கூடம் போக மாட்டேங்குது. நீங்களாவது ஒரு தடவை கேட்டிருக்கலாம்ல.” அவ்வளவுதான். திட்டல, அழல. எத்தனை தடவை போட்டிருப்பேன். பொய்யான்னு கண்டுபிடிக்கப் பாத்தேன், மூச்சு எங்க எடுக்கிறாரு, எச்சில் எங்க முழுங்குறாரு, பதினஞ்சு வருஷமா மனுஷங்க குரலைத்தானே பிரிச்சு மேயறேன், கண்டுபிடிச்சிட முடியாதா. முடியல. பின்னாடி ஃபேன் சத்தம் இருந்துச்சு, என்னையும் அறியாம அதைத் துடைச்சிட்டேன். சுத்தமா ஆக்கிக் கேட்டாலும் தெரியல. ஒருவேளை அவருதான் இழுத்திருப்பாரோ. இழுத்திருக்கட்டுமே, அப்ப நான் பண்ணது தப்பே இல்லைன்னு ஆயிடும். இப்படி நினைக்கிற அளவுக்கு வந்துட்டேன் பாருங்க, ஒரு மனுஷன் நாலு பொண்ணுங்களைக் கொன்னிருக்கணும்னு உக்காந்து வேண்டிக்கிட்டிருக்கேன். எபிசோடு வந்த எட்டு நாளா ராத்திரி சாப்பாடு இறங்கல. நேத்து யாரோ கமெண்ட்ல எழுதியிருக்கான், அந்த ஆள் வீட்டு வாசல்ல தினம் பத்துப் பேரு நிக்கிறாங்க, வெளிய வந்தா முடிச்சிடுவாங்கன்னு. அதுக்கு நாலாயிரம் பேரு கை தட்டியிருக்காங்க.

மூணு இருபத்தெட்டு. போன் பண்ணு வினோதினி. பண்ணினா என்னாகும். கிருபா மூஞ்சியில முழிக்க முடியாது. இனிமே எவனும் எனக்கு வேலை தர மாட்டான், குரலை மாத்தினவன்னு பேரு ஒட்டிக்கும், என்னையே கூப்பிட்டு விசாரிப்பாங்க, உள்ள தூக்கிப் போட்டாலும் போடுவாங்க. பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு. அசல் பதிவு இந்த டிஸ்க்லதான் இருக்கு, அதைக் குடுத்தாப் போதும், ஒரு நிமிஷ வேலை. தெரியாம நடந்துடுச்சுன்னு சொல்லிக்கலாம், ஹாரன் மேல பழியைப் போடலாம், கிருபா சொல்ற மாதிரி ரெண்டும் ஒண்ணுதான்னு நினைச்சேன்னு சொல்லலாம். மத்தவங்க சொல்லலாம். நான் சொல்ல முடியாது. ஏழாவது படிக்கும்போது பெரம்பூர்ல, மத்தியானம், ஸ்கூல் கேட்டுல எதிர்வீட்டு சரோஜா அக்கா வந்து நின்னாங்க. என்னைப் பாத்துச் சொல்லல, டீச்சர் காதுல சொன்னாங்க, ஆனா எனக்குத்தான் எல்லாம் கேக்குமே. “இவ அப்பா லெவல் கிராசிங்ல அடிபட்டுச் செத்துட்டாராம்.” செத்துட்டாராம். வீட்டுக்கு நடந்து போற வழி முழுக்க அந்த ‘ராம்’ஐத்தான் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டிருந்தேன். ஆம்னுதானே சொன்னாங்க, வேற யாராவது இருக்கும், இந்த அக்காவே பாக்கலையே, யாரோ தப்பாச் சொல்லியிருப்பாங்க. ரெண்டு மணி நேரம். அந்த ரெண்டு மணி நேரமும் எங்கப்பா உயிரோட இருந்தாரு, அந்த ஒரு சத்தத்துக்குள்ள. அப்புறம் அம்மா ஆஸ்பத்திரியில இருந்து வந்து, தலையெல்லாம் கலைஞ்சு, என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, “செத்துட்டாருடி”ன்னாங்க. ‘ராம்’ போயி ‘ரு’ வந்த அந்த நிமிஷத்தை உடம்பு மறக்குமா. இந்த ரெண்டுக்கும் நடுவுல என்ன இருக்குன்னு இந்த உலகத்துல யாருக்குத் தெரியலைன்னாலும் எனக்குத் தெரியும்.

அப்ப, தெரிஞ்சேதான் பண்ணேனா. இதைத்தான் எட்டு நாளா சுத்திச் சுத்தி வந்து கிட்டப் போனதும் ஒதுங்கிக்கிட்டிருக்கேன். அன்னைக்கு சாயங்காலம் ரெண்டு விதமாவும் செஞ்சு வெச்சிருந்தேன். ஒண்ணு, ஹாரனோட அப்படியே. இன்னொண்ணு, நான் ஒட்டினது. மாத்தி மாத்திப் போட்டுக் கேட்டேன். முதல்ல இருக்கிறது ஒரு தாய் ஊர்ல பேசிக்கிட்டதைச் சொல்றது, அவ்வளவுதான், கேக்கறவங்க அடுத்த நிமிஷம் மறந்துடுவாங்க. ரெண்டாவதைப் போட்டதும் என் கை முடி நட்டுக்கிட்டு நின்னுச்சு. தனியா இந்த ரூம்ல உக்காந்து கைதட்டினேன். ஆமா, தட்டினேன். அர்த்தம் மாறுதுன்னு மண்டைக்குள்ள ஒரு மூலையில மணி அடிச்சுது, இரு இருன்னு அதை அடக்கிட்டு சேவ் பண்ணேன். ஹாரன் இல்லைன்னாக்கூட நான் அதைப் பண்ணியிருப்பேனோ என்னவோ. கிருபா கார்ல கேட்டுட்டு “செம டி, அழுதுட்டேன்”னு அனுப்பினான். அன்னைக்கு எனக்கு ராத்திரி நல்லாத் தூக்கம் வந்துச்சு.

மூணு முப்பத்தாறு. அழுத்திட்டேன். எபிசோடு வேலையா ரெண்டு மூணு தடவை போன்ல பேசின பழக்கம், ரெண்டு ரிங்லயே எடுத்துட்டாங்க.

“தாயி, நீயா? சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேம்மா. கிருபா பக்கத்துல இருக்கானா?”

“தம்பி டீக்குடிக்கப் போயிருக்கு. நான் இங்கன பெஞ்சில உக்காந்திருக்கேன். என்ன தாயி, குரலு ஒரு மாதிரி இருக்கு?”

“அம்மா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். பெரிய தப்பு. நீங்க அன்னைக்கு ‘ஷட்டர இழுத்து உட்டாராம்’னுதான் சொன்னீங்க. அந்த ‘ராம்’ஐ வெட்டிட்டு ‘உட்டாரு’ன்னு நான்தான் ஒட்டினேன். நீங்க கண்ணால பாக்கலம்மா. யாரோ சொல்லிக் கேட்டதைத்தான் சொன்னீங்க. உள்ள போய் அதை மட்டும் சொல்லிடுங்க. என்னைச் சொல்லிக்கோங்க, பரவால்ல.”

அங்க ஏதோ டைப் அடிக்கிற சத்தம், யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம்.

“நான் பாத்தேன் தாயி.”

“அம்மா, இல்லம்மா.”

“மொதல்ல எனக்கும் மங்கலாத்தான் இருந்துச்சு. நீங்க போட்டதக் கேக்கக் கேக்கத்தான் தெளிஞ்சுச்சு. பக்கத்து வீட்டுக்காரி போன்ல ஏத்திக் குடுத்தா, காலைல எந்திரிச்சதும் கேப்பேன், படுக்கும்போதும் கேப்பேன். இப்ப அப்புடியே கண்ணு முன்னாடி நிக்கிது. நீலச் சட்ட. ரெண்டு கையாலயும் இழுக்குறாரு. தடதடதடன்னு சத்தம் கேட்டுச்சே, கடசில டங்குன்னு. மறக்குமா அது.”

எபிசோடுல வர்ற அந்தத் தடதட எங்க ஆபீஸுக்குக் கீழ இருக்கிற மருந்துக்கடை ஷட்டர். நான் குனிஞ்சு மைக்கை நீட்டிப் பிடிச்சது. கடைக்காரரை மூணு தடவை இழுக்கச் சொல்லி, மூணாவதை எடுத்துக்கிட்டேன். அந்த டங்குக்குக் கொஞ்சம் எதிரொலி சேத்தேன். அம்மா இருங்க, ஒரு நிமிஷம் இருங்கன்னு சொல்லிட்டு அசலை எடுத்தேன், ஒரு மணி பதினாலாவது நிமிஷம், ஸ்பீக்கர்ல வெச்சு போனை அதுகிட்ட நீட்டினேன். ஹாரனோட ஓடுச்சு. “இன்னொருக்க போடு”ன்னாங்க. போட்டேன். “இன்னொருக்க.” மூணாவது தடவை போட்டு நிறுத்தும்போது எனக்கு அழுகையே வந்துடுச்சு, புரிஞ்சிடுச்சு அவங்களுக்கு, தப்பிச்சோம், அந்த மனுஷன் தப்பிச்சாருன்னு.

“இது என் கொரல் இல்ல.”

“உங்க குரல்தாம்மா. இதுதாம்மா நீங்க பேசினது.”

“என் கொரல் எனக்குத் தெரியாதா? நெதம் அதத்தான கேக்குறேன், கணீர்னு இருக்கும். இதுல எவளோ பஸ்சு சத்தத்துக்குள்ள ‘ராம்’னு இழுக்குறா. பெத்தவ நானு. எம் மக வெந்தத அடுத்த வீட்டுக் கதையாட்டம் ஆம் போட்டா பேசுவேன்? தம்பி அப்பவே சொல்லுச்சு, அந்தாளுக்கு வேண்டியவுக எதையாச்சும் வெட்டி ஒட்டிக் கொண்டாருவாக, நம்பிராதீகன்னு. அது நீயா இருப்பேன்னு நெனைக்கல தாயி.”

உள்ள இருந்து யாரோ அவங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. வந்துட்டேங்கய்யான்னு எந்திரிச்சாங்க. போனை அணைக்கத் தெரியாம அப்படியே பைக்குள்ள போட்டிருக்கணும், துணி உரசுற சத்தம், செருப்பைக் கழட்டுற சத்தம். அம்மா, அம்மான்னு கத்தினேன். இந்த ரூம்ல எவ்வளவு கத்தினாலும் ஒரு அடி தாண்டாது. ஹெட்போனை மாட்டி காதோட அழுத்திப் பிடிச்சுக்கிட்டேன். ஆம்பளைக் குரல் ஒண்ணு, அவசரமே இல்லாத குரல், ஊரு பேரு வயசெல்லாம் கேட்டுச்சு. அப்புறம், யாரு ஷட்டரை இழுத்தது, நீங்க கண்ணால பாத்தீங்களான்னு கேட்டுச்சு.

“பாத்தேங்கய்யா. சௌந்தரபாண்டி சூப்பர்வைசருதான் வெளிய நின்னு ஷட்டர இழுத்து உட்டாரு.”

நான் ஒட்டின அதே ‘ட்டாரு’. புருஷன் கண்ண மூடினதைச் சொன்ன அதே இறக்கம். ஒட்டு எங்க இருக்குன்னு காதைத் தீட்டிக் கேட்டேன், இல்லை, எங்கயும் இல்லை, ஒரே மூச்சுல வந்துச்சு.

“எழுதிக்கய்யா”ன்னு அந்த ஆபீசர் யாருகிட்டயோ சொன்னாரு.